தலைநாய்க்கு ஒரு போர்வை

என் இடுப்பெலும்பு உடைந்ததற்கு நாய்கள் காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இன்னமும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிகிறார்கள். என் வீட்டு வாசற்படியில், பாத்திரம் கழுவிய தண்ணீர் உறைந்து கிடந்த இடத்தில், வழுக்கி விழுந்தேன். அந்தத் தண்ணீரைக் கொட்டியதும் நான்தான். என் சறுக்குவண்டியை இழுக்கும் நாய்கள் ஐந்தும் அப்போது கொட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தன. நான் விழுந்ததைப் பார்த்து ஊளையிட்டு அக்கம்பக்கத்தைக் கூட்டியது அவைதான். அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

என் மகள் லிடியா நிச்சயமாக நினைத்துப் பார்க்கவில்லை. அவள் ஊர் மருத்துவ நிலையத்தில் வேலை பார்க்கிறவள். எலும்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என்மேல்தான் கொட்டுவாள். நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்துவிட்டு கிறிஸ்துமசுக்கு வீடு திரும்பியதும் ஆரம்பித்தாள்.

"அம்மா, இடுப்புக்குள்ள இரும்பு வச்சிருக்காங்க. அதை வச்சுக்கிட்டு அஞ்சு நாயை எப்படிப் பாப்ப? ஈனோக் சித்தப்பாகிட்ட குடுத்துரு. அவருக்கும் நாய் இல்ல, பாவம்."

ஈனோக் என் கொழுந்தன். இறந்துபோன என் கணவரின் தம்பி. இலையுதிர் காலத்தில் ஒரு நோய் வந்து அவனுடைய நாய்கள் எல்லாம் ஒரே வாரத்தில் செத்துப்போயின. வேட்டைக் கண்ணி வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது கை ஒடிந்த மாதிரிதான். யாரிடமோ கேட்டு வாங்கிய, பனியில் ஓடும் பழைய மோட்டார் சறுக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு காட்டுக்குப் போவான். பாதி நாள் அதைத் தள்ளிக்கொண்டு திரும்புவான். அவனுடைய இடது கால் வேறு சின்ன வயதில் மரம் விழுந்து நசுங்கியது. இழுத்து இழுத்துத்தான் நடப்பான்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் நாய்களுக்குத் தினமும் மீன் போட்டது அவன்தான். அது உண்மை. ஆனால் நான் திரும்பி வந்த பிறகும் அவன் வந்து கொட்டிலருகே நிற்பான். மற்ற நாய்களுக்கு முன்னால் ஓடும் தலைநாய் ஊசியின் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பான். சேணவாரை இழுத்துப் பார்ப்பான். ஜன்னல் வழியாக இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே தன் சொத்தாகவே நினைத்துவிட்டான் என்று எண்ணினேன்.

அவனுக்கும் எனக்கும் எந்நேரமும் வாய்ச்சண்டைதான். கோபமெல்லாம் இல்லை, அவன் ஒன்று சொல்லி நான் இரண்டு சொல்லாவிட்டால் இருவருக்குமே சாப்பாடு இறங்காது. எங்கள் ஜனங்களில் மதினிக்கும் கொழுந்தனுக்கும் இந்த உரிமை எப்போதும் உண்டு. ஆனால் நாய் விஷயத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை.

மார்ச் பிறந்து வெயில் முகம் காட்டத் தொடங்கியதும், ஒருநாள் என் சமையலறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"ஏரிக் குடிசை வரைக்கும் நாய்ங்களுக்கு முன்னால நானே நடந்து பனியில பாதை மிதிச்சுப் போறேன். ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்பி வர்றேன். வந்துட்டா நாய் எனக்கு. முடியலன்னா ஈனோக்குக்கு. பேச்சு முடிஞ்சுது."

லிடியா கண்ணைச் சுருக்கினாள். "நீயேதான் மிதிக்கணும். வேற யாராவது மிதிச்ச பாதையில போனா செல்லாது. மோட்டார் போன தடமும் கூடாது."

"உங்க அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி இவ்வளவு நிபந்தனை போட்டிருந்தா நீ பொறந்திருக்கவே மாட்ட."

ஈனோக் டீக்கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னான்: "மதினி, கிளம்புறதுக்கு முன்னாடி நாய்ங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. புது வீட்டுல வந்து அடம் பிடிக்கக் கூடாதுன்னு."

"உன் வீட்டுல சுண்டெலியே பட்டினி கிடக்குது கொழுந்தனாரே. என் நாய் அங்க எதுக்கு வரணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் கிளம்ப இருந்த நாளுக்கு முந்தைய இரவு நல்ல பனி கொட்டியது. காலையில் கணுக்கால் மூடும் அளவு புதுப்பனி, ஒரு சுவடுகூட இல்லாமல் கிடந்தது. என் தோழி டோர்கஸ் சறுக்குவண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வந்தாள். அவளுக்கும் என் வயதுதான், உடம்பு மட்டும் என்னைப்போல் இரண்டு பங்கு.

"இவ்வளவு பனியில போறியேடி, உனக்குப் பைத்தியமா?"

"நீ வர்றியே, அப்ப உனக்கு?"

"எனக்கு உன்னோட பன்னாக் ரொட்டி புடிக்கும். அதுக்குத்தான் வர்றேன்."

பனிச்செருப்பைக் காலில் கட்டினேன். பிர்ச் மரத்தை வளைத்து, காரிபூ மானின் தோல்வாரால் நானே பின்னியவை. என் இடுப்பளவு நீளம். முதல் சில அடிகளில் அழுகை வந்துவிட்டது. வலியால் அல்ல. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து இந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரக், சரக் என்று பனியை அமுக்கும் சத்தம். பின்னால் நாய்களின் மூச்சு. ஆண்டவரே, இதுவரைக்கும் கொண்டுவந்து விட்டீரே என்று வாய்விட்டே சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் ஊசி என் செருப்பின் வாலை மிதித்தது. நான் முகம் குப்புற விழுந்தேன். பின்னாலிருந்து டோர்கஸ் சிரித்த சிரிப்பில் பிஷப் குரைக்க ஆரம்பித்தது. பிஷப் என்பது வண்டிக்கு மிக அருகே கட்டியிருக்கும் கொழுத்த நாய். நடை, பார்வை, சாப்பாடு எல்லாமே அந்தப் பெயருக்குப் பொருத்தம். நடுவில் சலோமியும் அவள் பெற்ற இரண்டு தடியன்களும். அந்த இருவரில் யார் யாரென்று எனக்கே குழப்பம் வரும்.

"ஏய் ஊசி, அவசரமா? இன்னும் ஆறே தாண்டல!" என்று எழுந்து அதன் மூக்கைத் தட்டினேன். அது என் கையை நக்கியது.

ஆற்றைக் கடந்தோம். ஆறு நல்ல கெட்டியாக இருந்தது. அக்கரையில் ஓடை வந்து சேரும் இடத்தில்தான் வம்பு தொடங்கியது. ஏரிக்கு எப்போதும் ஓடையின் மேலேயே, உறைந்த பனிக்கட்டி வழியாகப் போவதுதான் வழக்கம். மேடு பள்ளம் இல்லை, மரம் இல்லை, நேராகப் போகலாம். நான் ஓடைக்குள் இறங்கினேன். ஊசி இறங்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. இடது பக்கம் வில்லோ புதரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வா!"

வரவில்லை.

"ஏன்டி, அங்க எதையோ பாக்குது," என்றாள் டோர்கஸ்.

"காட்டுக்கோழியப் பாத்திருக்கும். ரெண்டு மாசம் ஈனோக் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கான். வா ஊசி!"

கழுத்துவாரைப் பிடித்து இழுத்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவளும் செய்யக்கூடாத காரியம் அது. எங்கே போக வேண்டும் என்பது நம் வேலை. எதன்மேல் கால் வைக்கலாம் என்பது தலைநாயின் வேலை. எனக்கோ அன்று என் இடுப்பு சரியாக இருக்கிறது என்று உலகத்துக்கே காட்ட வேண்டியிருந்தது. நாய் சொல்லையா கேட்பேன்?

முதல் வளைவு தாண்டியதும் என் செருப்புக்கு அடியில் பனி சாம்பல் நிறமாக மாறியது. அடுத்த அடியில் காலைச் சுற்றிக் குளிர்ந்த கூழ் போல ஏதோ ஏறியது. பனிக்கட்டிக்கு மேலே, புதுப்பனிக்குக் கீழே, தண்ணீர் ஊறி நின்றிருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே தெரியாது. அடியில் பனிக்கட்டி தாங்கும், மூழ்கிவிட மாட்டோம். ஆனால் அந்தக் குளிரில் கால் நனைந்தால் விரல் போகும்.

"தண்ணி! பின்னால போ! நாயைத் திருப்பு!"

டோர்கஸ் சிரிப்பையெல்லாம் விட்டுவிட்டாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் வண்டியை அத்தனை வேகமாகத் திருப்பியதை நான் மறக்கவே மாட்டேன். கரையேறுவதற்குள் என் செருப்பில் ஒட்டிய கூழ் கல்லாக உறைந்துவிட்டது. ஒவ்வொரு காலும் இரும்புச் சட்டி கட்டிய கனம். கடைசியில் மண்டியிட்டுத் தவழ்ந்துதான் கரைக்கு வந்தேன்.

டோர்கஸ் காய்ந்த ஸ்ப்ரூஸ் கிளைகளை ஒடித்துத் தீ மூட்டினாள். என் மான்தோல் காலணியைக் கழற்றி, என் பாதங்களைத் தன் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "ஐயோ, செத்த மீன் மாதிரி இருக்குடி!" என்று அலறினாளே தவிர எடுக்கவில்லை. விரல்களில் உயிர் திரும்பும்போது வரும் வலி இருக்கிறதே, அந்த வலிக்கு நன்றி சொல்லத் தோன்றும். வலித்தால் விரல் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் இடுப்பு வேறு கதை பேசியது. தவழ்ந்ததில் உள்ளே இருக்கும் இரும்பு சுரீரென்றது. இந்த ஓடையை விட்டால் காட்டு வழிதான். காட்டுக்குள் தொடையளவு பனி. ஒவ்வொரு அடியும் காலைத் தூக்கி, அமுக்கி, மறுபடி தூக்கி... என்னால் ஆகாது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"திரும்பிடலாமா?" என்று டோர்கஸ் மெதுவாகக் கேட்டாள்.

நான் நாய்களைப் பார்த்தேன். பிஷப் பனியில் வயிறுவரை புதைந்து, சிந்தனையில் உட்கார்ந்திருந்தது. சலோமியும் பிள்ளைகளும் அப்படியே. ஊசியைக் காணவில்லை. திருப்பும் அவசரத்தில் அதன் வாரை அவிழ்த்துவிட்டிருந்தோம்.

"அங்க பாரு," என்றாள் டோர்கஸ்.

ஊசி வில்லோ புதருக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. புதைந்து அல்ல, கணுக்கால்தான் உள்ளே இருந்தது. மற்ற நாய்கள் வயிறுவரை மூழ்கிக் கிடக்க, இது மட்டும் மேசைமேல் ஏறி நின்ற மாதிரி நின்று, எங்களைப் பார்த்து வாலை ஒருமுறை ஆட்டியது. எத்தனை நேரம்தான் உங்களுக்கு என்று கேட்பது போல.

காய்ந்த காலணியை மாட்டி, செருப்பிலிருந்த பனிக்கட்டியைக் கட்டையால் தட்டி எடுத்துவிட்டு, அங்கே போய்க் கால் வைத்தேன். மேலே மெத்தென்ற புதுப்பனி. அதற்கடியில் தரை போலக் கெட்டி. யாரோ ஏற்கெனவே மிதித்திருக்கிறார்கள். மிதித்த பனி ஒரு ராத்திரி குளிரில் கிடந்தால் இறுகிப் பலகையாகிவிடும். அதன்மேல்தான் புதுப்பனி விழுந்து மூடியிருக்கிறது. நமக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஊசிக்குக் காலில் தெரியும்.

அதற்கப்புறம் என் கால் தானாக நடந்தது. ஒரு அடி விலகினால் தொடைவரை போகும்; பாதையில் நின்றால் தாங்கும். ஊசி என் பக்கத்திலேயே வந்தது. நான் விலகும்போதெல்லாம் முழங்காலில் மூக்கால் இடித்தது. பாதை ஓடையின் ஈர இடங்களையெல்லாம் சுற்றி விலகிப் போனது. மேடு வரும் இடத்தில் நேரே ஏறாமல் வளைந்து வளைந்து ஏறியது. இடுப்பில் இரும்பு வைத்த பொம்பளை ஏறுவதற்கென்றே யாரோ யோசித்துப் போட்ட மாதிரி.

யாரென்று பெரிய ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கீழே போனதும் தெரிந்தது. அங்கே கிளைகள் அடர்த்தி, புதுப்பனி அவ்வளவாக விழவில்லை. பழைய தடம் திறந்து கிடந்தது. வலது செருப்பு அழகாகப் பதிந்திருந்தது. இடது செருப்பின் தடத்துக்குப் பின்னால் ஒரு நீளக் கோடு, இழுத்துக்கொண்டு போன கோடு. ஒவ்வொரு அடியிலும்.

டோர்கஸ் வண்டியை நிறுத்தினாள். இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவனா?" என்றாள்.

ஈனோக்தான். அந்தக் காலோடு ஏரிவரை நடந்திருக்கிறான். மோட்டார் தடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, நடந்தே போயிருக்கிறான். நான் தோற்றால் நாய்கள் அவனுக்கு. அதைத் தெரிந்துகொண்டே, நான் தோற்காமல் இருக்க இழுத்து இழுத்து மிதித்திருக்கிறான். நானோ அவனைப்பற்றி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து என்னென்ன நினைத்தேன்!

குடிசையில் அடுப்புக்குள் சீவல் சுள்ளி அடுக்கி, மேலே விறகு வைத்துத் தயாராக இருந்தது. ஒரு தீக்குச்சி போதுமானதாக இருந்தது. அன்று ஏரியில் துளை போட்டுப் பிடித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி, நாய்கள் வெளியே பனிக்குள் சுருண்டு படுப்பதைக் கேட்டுக்கொண்டு தூங்கிப்போனேன். அவ்வளவு நிம்மதியான தூக்கம் விழுந்த நாள் முதலாக வந்ததில்லை.

மறுநாள் நாங்கள் மிதித்த தடம் இறுகிக் கிடந்ததால் திரும்பும் வழி சுலபமாக இருந்தது. ஊருக்கு முந்தைய கடைசி முடக்கில் வழக்கம்போல நிறுத்தினோம். அழுக்குச் சேணத்தோடு நாய்களை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போவது எங்கள் ஜனங்களுக்கு மரியாதை இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் முதுகுப் போர்வை போட வேண்டும்: கறுப்பு வெல்வெட்டில் பாசிமணிப் பூ, ஓரமெல்லாம் கம்பளிக் குஞ்சம், வரிசையாகச் சின்ன வெண்கல மணிகள். தலைநாயின் போர்வைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது, முன்னால் போகிறது அதுதானே. ஊசிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் உட்கார்ந்து புதிதாகத் தைத்திருந்தேன். சிவப்புக் காட்டுரோஜா. நர்சுகள் எல்லாம் தங்களுக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

பிஷப்பின் போர்வையைக் கட்டிக்கொண்டே டோர்கஸ் சொன்னாள்: "அடியே யூனிஸ், ஒரு விஷயம். வாயை மூடிக்கிட்டு இரு. அவன் சொல்ல மாட்டான், நான் சொல்ல மாட்டேன். நாய் உன்னோடதாயிடுச்சு. பாதையில யாரோ மிதிச்சிருந்தாங்கன்னு சொன்னா லிடியா செல்லாதுன்னுருவா."

நானும் அதைத்தான் முந்தின நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஊசியின் கழுத்துக்கடியில் முடிச்சுப் போட்டேன். அது புதுப் போர்வையோடு நிமிர்ந்து நின்றது. அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியுமா? முடியாது. ஆனால் அந்த இழுத்த கோட்டைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஊருக்குள் நான் நடந்து போக முடியுமா?

மணிச்சத்தம் கேட்டதும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள். லிடியா மருத்துவ நிலையத்திலிருந்து கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியா! சரி, நான் தோத்துட்டேன். போதுமா? நாய் உன்னோடதுதான்."

"நில்லு," என்றேன். "பாதை நான் மிதிக்கல."

டோர்கஸ் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு முன்னாடியே ஒருத்தர் ஏரி வரைக்கும் மிதிச்சு வச்சிருந்தாங்க. அது மட்டும் இல்லன்னா, ஓடைக்கரையிலிருந்து நேத்தே என்னை வண்டியில தூக்கிப் போட்டுத்தான் கொண்டு வந்திருப்பா இவ. வலது கால் நேரா வச்சு, இடது காலை இழுத்து மிதிச்சிருக்காங்க."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஈனோக் தன் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கோடாலியோடு நின்றிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் முயலுக்குக் கண்ணி வைக்கப் போனேன்," என்றான்.

"ஏரி வரைக்கும் ஒரு கண்ணியையும் காணோமே."

"அதான் ஒரு முயலும் விழல."

ஜனங்கள் சிரித்தார்கள். லிடியா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அப்போ... பேசினபடி நாய் சித்தப்பாவுக்குத்தான் போகணும்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு வேண்டாம்," என்றான் ஈனோக்.

"என்னது?"

"வேண்டாம்னா வேண்டாம். ரெண்டு மாசம் சோறு போட்டேன். எல்லாம் தின்னுச்சு. இந்த ஊசி இருக்கே, ஒருநாள்கூட என் மூஞ்சியைப் பாக்கல மதினி. மீனை வாயில வாங்கிக்கிட்டு, எனக்குப் பின்னால வழியப் பாக்கும். நீங்க வர்றீங்களான்னு. தினமும். அந்த நாயை என் வண்டியில கட்டிட்டு நான் எப்படிக் காட்டுக்குப் போறது? வழி பூரா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வரும்."

அவன் கோடாலியைக் கையில் மாற்றிப் பிடித்தான். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தக் குளிரில் அது இமையிலேயே உறைந்தது.

"ஈனோக்," என்றேன். கொழுந்தனாரே என்று கூப்பிடவில்லை. "நீ செஞ்சதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"சரி சரி. குளிருது, உள்ள போங்க."

நான் உள்ளே போகவில்லை. குனிந்து ஊசியின் போர்வை முடிச்சை அவிழ்த்தேன். மணிகள் குலுங்கக் குலுங்க அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று அவன் புரிந்துகொள்வதற்குள், சிவப்பு ரோஜாப் போர்வையை அவன் முதுகில் போட்டு, கழுத்துக்கடியில் இறுக்கமாக முடிச்சுப் போட்டேன்.

"முன்னால போனது யாரு? அவங்களுக்குத்தான் இது. அதுதானே நம்ம வழக்கம்?"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டோர்கஸ் வண்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். லிடியா சிரித்துக்கொண்டே அழுதாள். "நாய் அம்மாகிட்டயே இருக்கட்டும்," என்றாள் மூக்கைத் துடைத்தபடி. "ஆனா இனிமே கண்ணி பாக்கப் போறப்ப ரெண்டு பேரும் சேந்துதான் போகணும். இதுவும் நிபந்தனை."

"இவங்களுக்குப் பின்னாலயா?" என்றான் ஈனோக்.

"முன்னால," என்றேன். "போர்வை உன்கிட்டதானே இருக்கு?"

அவன் அதைக் கழற்றி எறிவான் என்று எல்லோரும் காத்திருந்தோம். கழற்றவில்லை. ஒரு கை விறகை அள்ளிக்கொண்டு, தன் வீட்டைப் பார்த்து நடந்தான். வலது காலுக்கு மணி மெதுவாக ஒலித்தது, இழுத்து வைத்த இடது காலுக்குச் சத்தமாகக் குலுங்கியது. ஊசி அவன் கதவு சாத்தும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.